பிரதிஷ்டைப் பண்டிகையும் ஒரு தையற்காரியின் பள்ளியும்

யோவான் சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தை வாசிக்கும்போது நாம் நல்ல மேய்ப்பனைப் பற்றிய பகுதியில் நெடுநேரம் தங்குகிறோம். 22-ஆம் வசனத்தையோ ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். ஆண்டவர் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது, மாரிக்காலத்தில், எருசலேமில் சாலொமோன் மண்டபத்தில் உலாவினார் என்று சுவிசேஷகர் குறித்திருக்கிறார். அது என்ன பண்டிகை என்று வகுப்பில் வினவினால், சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த நாளின் நினைவு என்று விடையளிக்கும் மாணவர் ஆண்டுதோறும் சிலர் இருப்பர். அவர்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வருவதில்லை. அப்பண்டிகையின் வரலாறு நம் கையிலுள்ள திருமறையில் இல்லை. மல்கியாவின் கடைசிப் பக்கத்திற்கும் மத்தேயுவின் முதற் பக்கத்திற்கும் இடையே நாம் புரட்டும் அந்த ஒரு வெற்றுத்தாளுக்குள் அது புதைந்து கிடக்கிறது.

கி.மு. 167-இல் செலூக்கிய மன்னனாகிய நான்காம் அந்தியோகுஸ் எப்பிபானேஸ் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தைத் தீட்டுப்படுத்தி, விருத்தசேதனத்தையும் ஓய்வுநாள் ஆசரிப்பையும் தடைசெய்தான். ஆசாரியனாகிய மத்தத்தியாவும் அவன் குமாரர் ஐவரும் எதிர்த்தெழுந்தனர். கி.மு. 164-இல், கிஸ்லேயு மாதம் 25-ஆம் நாளில், யூதா மக்கபே ஆலயத்தைச் சுத்திகரித்துப் புதிய பலிபீடத்தைப் பிரதிஷ்டை செய்தான். எட்டு நாள் பண்டிகை கொண்டாடினர். இது மக்கபேயர் நூல்கள் தரும் செய்தி. ஒரு நாளைக்குப் போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்னும் அற்புதம் அந்நூல்களில் இல்லை. அது பின்னாளில் தல்மூதில் சொல்லப்படுவது. இந்நூல்கள் தமிழுக்கு அந்நியமானவை என்றும் எண்ணவேண்டாம். தரங்கம்பாடி மிஷன் அச்சகத்திலிருந்து 1728-இல் தள்ளுபடியாகமங்களும் தமிழில் வெளிவந்தன. காலப்போக்கில் நம் பதிப்புகளிலிருந்து அவை மறைந்தன. அவற்றோடு ஹனுக்கா என்னும் இப்பண்டிகையும் நம் நினைவிலிருந்து மறைந்தது.

ஹனுக்கா என்னும் எபிரெயச் சொல்லுக்குப் பிரதிஷ்டை என்பதே பொருள். எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தில் பலிபீடப் பிரதிஷ்டைக்கும், முப்பதாம் சங்கீதத்தின் தலைப்பில் வீட்டுப் பிரதிஷ்டைக்கும் அச்சொல்லே வருகிறது. எபிரெயம் பயிலும் மாணவர் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்தும்படி கட்டளையிடும் நீதிமொழிகள் 22:6-இல் உள்ள வினைச்சொல்லும் இதே மூலத்திலிருந்து பிறந்தது. யூதர் கல்விக்கு வழங்கும் ஹினூக் என்னும் பெயரும் அதிலிருந்தே வந்தது. பலிபீடத்தைப் பிரதிஷ்டை செய்வதும் குழந்தையைக் கல்வியில் தொடங்கிவைப்பதும் அம்மொழியில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஒரு ஹனுக்கா நாளில் கேட்ட பிரசங்கமொன்றிலிருந்தே யூதப் பெண்களுக்கான மாபெரும் பள்ளி இயக்கமொன்று பிறந்தது. அவ்வரலாற்றைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

ஹனுக்கா விளக்கேற்றும் கடமையில் பெண்களுக்குத் தனி இடமுண்டு. குறித்த காலத்தில் செய்யவேண்டிய கட்டளைகள் பலவற்றினின்று பெண்களுக்கு விலக்களிப்பது ரபீக்களின் பொதுவிதி. ஆனால் ஹனுக்கா விளக்கு ஏற்றப் பெண்களும் கடமைப்பட்டவர்கள். ஏனெனில் அந்த அற்புதத்தில் அவர்களுக்கும் பங்குண்டு என்பது லேவியின் மகன் ரபீ யோசுவாவின் தீர்ப்பு. அந்தப் பங்கு எது என்று வினவிய இடைக்கால உரையாசிரியர் யூதித்தின் கதையைச் சுட்டினர். படைத்தலைவன் ஒலோபெர்னஸ் பெத்தூலியா நகரை முற்றுகையிட்டபோது, ஊர் மூப்பர் ஐந்து நாள் தவணை குறித்து, அதற்குள் தேவன் உதவாவிட்டால் நகரை ஒப்படைப்பதென்று தீர்மானித்தனர். தேவனுக்கே தவணை குறிக்கும் துணிச்சல் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று அவர்களைக் கண்டித்தவள் யூதித்து என்னும் விதவை. பிறகு ஜெபித்து, பகைவன் பாளையத்திற்குள் புகுந்து, அவன் தலையைக் கொய்து வந்தாள்.

வரலாற்று நோக்கில் இக்கதையில் இடர்ப்பாடுகள் மிகுதி. பாபிலோனியனாகிய நேபுகாத்நேச்சாரை அது அசீரியாவின் அரசனாக்குகிறது. மக்கபேயர் காலத்தோடு அதனை இணைத்தது பிற்கால யூத மரபே. ஆயினும் நூல் எழுதப்பட்ட காலம் மக்கபேயரின் வழிவந்த அஸ்மோனேயர் காலம் என்று அறிஞர் பலர் கருதுவர். புராட்டஸ்டண்டுத் திருமறையில் மட்டுமன்று, யூதர்களின் எபிரெயத் திருமறையிலும் இந்நூலுக்கு இடமில்லை. இருப்பினும் மக்கள் அவளை விடவில்லை. கிராக்கோவ் நகரில் வாழ்ந்து 1572-இல் மறைந்த ரபீ மோசே இஸ்ஸர்லெஸ், ஹனுக்கா நாளில் பாலாடைக்கட்டி உண்ணும் வழக்கத்தைக் குறிப்பிட்டு, யூதித்து பகைவனுக்குப் பால் கொடுத்ததன் நினைவு அது என்கிறார். விளக்குகள் எரியும் வேளையில் பெண்கள் வேலை செய்யலாகாது என்னும் வழக்கமும் யூதச் சட்டநூலில் பதிவாகியுள்ளது. தையல் எடுத்தவள் அந்நேரத்தில் ஊசியைக் கீழே வைக்கவேண்டும்.

அந்தக் கிராக்கோவ் நகரில் 1883-இல் சாரா ஷெனிரர் பிறந்தார். அப்பொழுது அது ஆஸ்திரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தைச் சேர்ந்தது. போலந்து மக்களும் யூதரும் நெருங்கி வாழ்ந்த நாடு. சாராவின் குடும்பம் பெல்ஸ் நகரத்து ஹசிதிய ரபீயைக் குருவாகக் கொண்ட பக்தியுள்ள குடும்பம். அரசாங்கத்தின் கட்டாயக் கல்விச் சட்டம் அங்கே விசித்திரமானதொரு பலனைத் தந்திருந்தது. ஆண்பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்பினால் தோரா கல்வி கெடும் என்று அஞ்சிய பெற்றோர், அவர்களைத் தங்கள் வேதப்பள்ளிகளிலேயே வைத்துக்கொண்டனர். பெண்களையோ தடையின்றி அரசுப் பள்ளிக்கு அனுப்பிச் சட்டத்தை நிறைவேற்றினர். பெண்ணுக்கு வேதக்கல்வி கடமையன்று என்பதால் அதில் கேடு ஒன்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஒரே வீட்டில் மகன் தல்மூதின் அராமேய வரிகளோடு மல்லுக்கட்டினான். மகள் போலந்துக் கவிஞரை மனப்பாடம் செய்தாள். பண்டிகைக் காலங்களில் தகப்பனும் மகனும் ரயிலேறித் தங்கள் குருவின் ஊருக்குப் போயினர். தாயும் மகளும் வீட்டில் இருந்தனர். தாயிடம் இத்திஷ் மொழியில் பெண்களுக்கென எழுதப்பட்ட வேத விளக்க நூலாவது இருந்தது. மகளுக்கு அதுவும் பழங்கதையாகத் தோன்றியது.

இதன் விளைவை நாம் கூசாமல் நோக்கவேண்டும். ஏனெனில் இவ்விடத்தில் கிறிஸ்தவ சமயமும் வரலாற்றினுள் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதையடுத்த ஆண்டுகளிலும் நூற்றுக்கணக்கான யூத இளம்பெண்கள் தங்கள் வீடுகளை விட்டோடி, கிராக்கோவின் பெலிசியக் கன்னியர் மடத்தில் தஞ்சம் புகுந்தனர். பலர் ஞானஸ்நானமும் பெற்றனர். 1899-ஆம் ஆண்டின் இறுதியில் செல்வமிக்க ஹசிதியக் குடும்பத்து மகளொருத்தி அவ்வாறு மறைந்தபோது, தகப்பன் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பு வரை சென்று முறையிட்டார். மகள் வீடு திரும்பவில்லை. அண்மைக்காலத்தில் இவ்வழக்குகளை ஆவணங்களின் துணையோடு ஆராய்ந்த வரலாற்றாசிரியர் ரேச்சல் மனேக்கின், 2020-இல் வெளிவந்த தம் நூலில், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே விரிந்த பிளவே அப்பெண்களின் ஓட்டத்திற்கு அடிப்படை என்று காட்டுகிறார். கல்வியில் நாட்டம் கொண்ட பெண்ணுக்குத் தன் இனத்தாரிடம் கல்வி இல்லை. பலருக்கு விருப்பமில்லாத திருமண ஏற்பாடு ஒன்று காத்திருந்தது. ஆத்துமாக்களை எண்ணும் நம் பழக்கம் இத்தகைய செய்திகளை வெற்றியாகவே எழுதும். அந்த எண்ணிக்கையில் ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு தாய் இருந்தாள் என்பதையும் வரலாற்று மாணவன் எழுதிக்கொள்ள வேண்டும்.

சமூகத் தலைவர்கள் இதனை அறியாதிருந்தார்கள் எனல் ஆகாது. 1903-இல் கிராக்கோவில் ரபீக்களின் மாநாடு கூடியபோது, சவீர்ச்சே ஊர் ரபீ மெனாஹேம் மெண்டல் லாண்டாவ், பெண்களுக்கும் சமயக் கல்வி தரும் பள்ளிகள் வேண்டும் என்று எடுத்துரைத்தார். அவையோர் இசையவில்லை. மிஷ்னாவின் சோத்தா பகுதியில் ரபீ எலியேசர் தம் மகளுக்குத் தோரா கற்பிப்பவன் அவளுக்கு வீண்காரியத்தைக் கற்பிக்கிறவனாவான் என்று கூறியது அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது. அதே பத்தியில், எலியேசருக்கு முன்னதாகவே, மகளுக்குத் தோரா கற்பிப்பது தகப்பனின் கடமை என்று பென் அசாய் கூறியிருப்பதும் அங்கேதான் இருந்தது. ஒரே பக்கத்தில் இரு குரல்கள். சபை எதனைக் கேட்கப் பழகியிருந்ததோ அதனையே கேட்டது. பெத்தூலியாவின் மூப்பர் ஐந்து நாள் தவணை குறித்தனர். கிராக்கோவின் மூப்பர் தவணைகூடக் குறிக்கவில்லை.

சாரா அரசுப் பள்ளியில் தொடக்கக் கல்வி முடித்தவர். ஓய்வுநாளில் தந்தை வாங்கித் தந்த இத்திஷ் மொழிபெயர்ப்புகளில் வேதம் படிப்பார். உடன் பயின்றவர்கள் பக்தைப் பெண் என்று கேலி செய்வர். வறுமை காரணமாக மேற்படிப்பின்றித் தையல் தொழிலில் இறங்கினார். முதல் திருமணம் சில ஆண்டுகளிலேயே மணமுறிவில் முடிந்தது, பிள்ளைகள் இல்லை. தம்மிடம் ஆடை தைக்க வரும் பெண்கள் மடிப்பொன்று சற்றே விலகியிருந்தாலும் எத்தனை கவலைப்படுகிறார்கள், ஆத்துமாவின் ஆடையைப் பற்றி அவர்களுக்கு ஏன் கவலையில்லை என்று அவர் எண்ணி எண்ணி மாய்ந்ததைத் தம் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அளவெடுக்கும் கையிலிருந்து பிறந்த சிந்தனை இது, நூலகத்திலிருந்து பிறந்ததன்று.

1914-இல் முதல் உலகப்போர் மூண்டது. ருஷ்யப் படைகள் கலீசியாவினுள் நுழையவே, யூதர் பல்லாயிரவர் மேற்கே ஓடினர். சாராவின் குடும்பமும் அகதிகளாய் வியன்னா சேர்ந்தது. அங்கே ஸ்டும்பர்காஸ்ஸே என்னும் தெருவிலிருந்த ஜெபாலயத்தில் ரபீ மோசே தாவீது பிளெஷ் ஜெர்மானிய மொழியில் பிரசங்கிப்பார் என்று கேள்விப்பட்டு, ஹனுக்காவின் ஓய்வுநாளில் அவர் அங்கே சென்றார். பெண்களுக்குரிய மேல்மாடத்தில் அமர்ந்தார். பிளெஷ், பிராங்க்பர்ட் நகரத்து ரபீ சாம்சன் ரஃபேல் ஹிர்ஷின் சிந்தனை வழியில் வந்தவர். பண்டைய நியாயப்பிரமாணத்தில் சற்றும் தளராமல் புதுக்கல்வியையும் ஏற்றுக்கொள்ளலாம் என்பது ஹிர்ஷின் நிலை. 1853-இல் பிராங்க்பர்ட்டில் அவர் நிறுவிய பள்ளியில் பெண்களும் பயின்றனர். கலீசியாவில் கனவாயிருந்தது ஜெர்மனியில் அறுபது ஆண்டுகளாக நடைமுறையில் இருந்தது.

அன்றைய பிரசங்கத்தின் பொருள் யூதித்து. அவளுடைய வீரத்தைச் சித்திரித்து, அக்காலத்து இஸ்ரவேலின் குமாரத்திகள் அவள் வழியில் எழவேண்டும் என்று பிளெஷ் அழைத்தார். மேல்மாடத்திலிருந்த தையற்காரியின் உள்ளத்தில், கிராக்கோவின் பெண்கள் இதனைக் கேட்டிருந்தால் எப்படியிருக்கும், தாங்கள் யார் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லையே என்னும் எண்ணம் எழுந்தது. பிளெஷின் சொற்பொழிவுகளை அவர் தொடர்ந்து கேட்டார், குறிப்பெடுத்தார், பள்ளியின் எண்ணம் உருவாயிற்று.

இவ்விடத்தில் ஒரு சொல் என்னைப் பற்றி. பல்லாண்டுகளாகப் பிரசங்க பீடத்தில் நின்றவன் யான். பெண்கள் ஞாயிறன்று தவிர மற்ற ஞாயிறுகளில் திருமறையின் பெண்ணொருத்தியை மையமாகக் கொண்டு எத்தனை முறை பிரசங்கித்தேன் என்று பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணிவிடலாம், ஒரு கையே போதும். ஆலயத்தில் நமக்கு முன்னே அமர்ந்திருப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள். பிளெஷ் ஒரு பண்டிகை நாளின் பழங்கதையை எடுத்துக்கொண்டு அவர்களை நோக்கிப் பேசினார். அவ்வளவே அவர் செய்தது.

1915-இல் கிராக்கோவுக்குத் திரும்பிய சாரா முதலில் வளர்ந்த பெண்களைக் கூட்டிப் பேசினார். ஒரு நூல்நிலையமும் ஏற்படுத்த முயன்றார். இளம்பெண்கள் வந்தனர், கேட்டனர், நகைத்தனர். பழக்கம் முற்றிய மரத்தை வளைப்பது அரிது என்று கண்டவர், சிறுமிகளிடத்தில் தொடங்கத் துணிந்தார். தம் எண்ணத்தைச் சகோதரருக்குக் கடிதத்தில் எழுதினார். ஊரார் ஏளனம் செய்வர் என்று எச்சரித்த சகோதரர், ஆயினும் பெல்ஸ் ரபீயிடம் கேட்போம் என்று, அவர் அப்பொழுது தங்கியிருந்த மாரியன்பாட் நகருக்கு அழைத்துச் சென்றார். யூதப் பெண்களைச் சமய நெறியில் நடத்த இவள் விரும்புகிறாள் என்று சகோதரர் எடுத்துரைத்தார். ஆசீர்வாதமும் வெற்றியும் உண்டாகட்டும் என்னும் பொருளில் ரபீ இஸ்ஸாகார் தோவ் ரொக்கேயாக் இரண்டே சொற்களில் விடையளித்தார். மாநாடு மறுத்ததை இரண்டு சொற்கள் திறந்துவிட்டன. மரபின் அனுமதியின்றி ஓரடியும் வைக்கமாட்டேன் என்னும் உறுதியும், மரபு அதுவரை செய்யாததைச் செய்தே தீரவேண்டும் என்னும் உறுதியும் அவரிடம் ஒருங்கே இருந்தன. அவரைச் சீர்திருத்தவாதி என்று மட்டும் சொன்னாலும் பிழை, பழைமைவாதி என்று மட்டும் சொன்னாலும் பிழை.

1917-இல் 25 சிறுமிகளோடு பள்ளி தொடங்கிற்று. பெயர் பெயிஸ் யாக்கோவ், அதாவது யாக்கோபின் வீடு. யாத்திராகமம் 19:3-இல் யாக்கோபின் வீட்டார் என்பது பெண்களையும் இஸ்ரவேல் புத்திரர் என்பது ஆண்களையும் குறிக்கும் என்பது ரபீக்களின் பழைய விளக்கம். சீனாய் மலையில் மோசே முதலில் பேசவேண்டியது பெண்களிடமே என்று அதிலிருந்து கொள்வர். ஏசாயா 2:5-இல் யாக்கோபின் வீட்டார் கர்த்தருடைய வெளிச்சத்திலே நடக்க அழைக்கப்படுவதும் அப்பெயரில் ஒலிக்கிறது.

ஓரிரு ஆண்டுகளில் அகுதாத் இஸ்ரவேல் என்னும் வைதிக யூதர் அமைப்பு பள்ளிக்குத் துணைநின்றது. 1923-இல் வியன்னாவில் கூடிய அதன் உலகப் பேரவைக்குப் பின் பணி விரிந்தது. வியன்னாவிலிருந்து லியோ டாய்ச்லாண்டர் நிதியும் பாடத்திட்டமும் ஒழுங்கு செய்தார். பிராங்க்பர்ட்டிலிருந்து யூதித் ரோசன்பாம் என்னும் இளம் ஆசிரியை கிராக்கோவுக்கு வந்து சேர்ந்தார். யூதித்தின் பிரசங்கத்தில் பிறந்த பள்ளிக்கு யூதித் என்பவரே ஆசிரியையாக வந்தது தற்செயலே எனினும் இனிமையானது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் கோடைகால வகுப்புகளில் பயிற்சி பெற்றுச் சிற்றூர்களுக்கு ஆசிரியைகளாகச் சென்றனர். பெரும்பாலான பள்ளிகள் மாலைப் பள்ளிகள். மாணவியர் பகலில் அரசுப் பள்ளியில் பயின்று பின்னர் இங்கு வருவர். ஐந்தாகமம், தீர்க்கதரிசிகள், சங்கீதம், ஜெபங்கள், அன்றாட வாழ்வின் சட்டங்கள் ஆகியவை பாடங்கள். தல்மூத் இல்லை, அந்த எல்லையைச் சாரா கடக்கவில்லை, கடக்க முனையவும் இல்லை. 1930-களின் பிற்பகுதியில் போலந்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவியர் பயின்றனர்.

எதிர்ப்பு எளிதில் ஓயவில்லை. எதிர்த்தோருக்கு விடையளித்தவர்களுள் தலையாயவர், ஹாபெட்ஸ் ஹாயிம் என்று தம் நூற்பெயரால் அறியப்பட்ட ராதின் ஊர் ரபீ இஸ்ரவேல் மேயர் ககான். 1933-இல் தம் மறைவுக்குச் சற்று முன் இப்பள்ளிகளை ஆதரித்துக் கடிதம் எழுதினார். அதற்கு முன்னரே சோத்தா பகுதிக்கான தம் உரையில் அவர் கொடுத்த நியாயம் நம் மாணவர் பயிலத்தக்கது. எலியேசரை அவர் மறுக்கவில்லை. முற்காலத்தில் பிள்ளைகள் பெற்றோரின் இல்லத்திலேயே வாழ்ந்து, முன்னோர் மரபைக் கண்டே கற்றனர். அன்று தனிப் போதனை வேண்டாதிருந்தது. இன்று அம்மரபு தளர்ந்துவிட்டது. பெண்கள் பிறமொழி எழுத்தையெல்லாம் கற்கின்றனர். ஆகவே வேதத்தைக் கற்பிப்பது இன்று கட்டாயமாகிறது என்றார். சட்டம் மாறவில்லை, சட்டம் முன்கொண்ட வீடு மாறிவிட்டது என்பதே வாதம். விளக்கவியல் வகுப்பில் நாம் பல மணி நேரம் செலவிட்டு விளக்குவதை அவர் சில வரிகளில் முடித்துவிட்டார்.

பள்ளிகளில் ஹனுக்கா தனிச்சிறப்புப் பெற்றதில் வியப்பில்லை. முதல் மாலையில் ஒரு விளக்கு, இரண்டாம் மாலையில் இரண்டு என்று எட்டாம் மாலைவரை ஏற்றுவர். எட்டில் தொடங்கிக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்று ஷம்மாயின் பள்ளியார் வாதித்தனர். பரிசுத்த காரியத்தில் ஏறுவதே முறை, இறங்குவதன்று என்ற ஹில்லேலின் பள்ளியாரின் வழக்கமே நிலைத்தது. சாரா இப்பண்டிகைக்கென்றே சிறுமிகள் நடிக்கத்தக்க நாடகங்கள் எழுதினார். யூதித்தின் கதையும் அவற்றுள் ஒன்று. பார்ப்போர் தாய்மாரும் தமக்கைமாரும். ஒலோபெர்னஸ் வேடத்தையும் சிறுமியே ஏற்கவேண்டும். வியன்னாவில் மேல்மாடத்தில் தனியே அமர்ந்து கேட்ட கதையை, கலீசியாவின் சிற்றூர்களில் பெண்பிள்ளைகள் தங்கள் வாயால் சொல்லத் தங்கள் தாய்மார் கேட்கும்படி செய்துவிட்டார் அவர். வேத அறிவு தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் என்பர்; இங்கே அது மகளிடமிருந்து தாய்க்குச் சென்றது.

கிராக்கோவில் ஸ்தனிஸ்லாவா தெருவில் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரி கட்ட 1927-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1931-இல் கட்டடம் திறக்கப்பட்டது. 1935 மார்ச்சு மாதத்தில், 51 வயதில், சாரா ஷெனிரர் காலமானார். பிள்ளையில்லாத அவரை மாணவியர் நம் தாய் சாரா என்று, ஆபிரகாமின் மனைவிக்கு யூதர் வழங்கும் பெயராலேயே அழைத்தனர்.

நான்கு ஆண்டுகள் கழிந்து ஜெர்மானியப் படைகள் போலந்தில் நுழைந்தன. அதன் பின் நடந்ததை இவ்விதழின் வாசகருக்கு விவரிக்கவேண்டியதில்லை. அப்பள்ளிகளின் மாணவியரிலும் ஆசிரியைகளிலும் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். இக்காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும். கிராக்கோவில் பெயிஸ் யாக்கோவ் பெண்கள் 93 பேர் ஜெர்மானியப் போர்வீரரிடம் அகப்படாமல் நஞ்சுண்டு மாண்டனர் என்று கூறும் கடிதமொன்று 1943 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளியாயிற்று. உலகெங்கும் ஜெபாலயங்களில் அதனை வாசித்து அழுதனர். வரலாற்றாசிரியர் பலர் அந்நிகழ்ச்சி நடந்ததற்குச் சான்றில்லை என்று ஐயுறுகின்றனர். பிரசங்கத்திற்கு ஏற்ற கதை என்பதால் அதனை உண்மையென எடுத்தாள வேண்டாம் என்று மாணவருக்குச் சொல்வேன். பெயரின்றி மாண்ட ஆயிரக்கணக்கான சிறுமியரின் மரணத்திற்கு அக்கதை எதனையும் கூட்டவில்லை. அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் மெய்யைச் சொல்வதே.

அழிவிலிருந்து தப்பியோரும் முன்னரே கடல் கடந்தோரும் பணியைத் தொடர்ந்தனர். சாராவின் மாணவி விக்னா காப்லன் 1937-இல் அமெரிக்கா சென்று நியூயார்க்கில் பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். யூதித் ரோசன்பாம் மணத்திற்குப் பின் யூதித் குரூன்பெல்ட் என்னும் பெயரோடு லண்டனில் தலைமையாசிரியையாகி, 1939-இல் போர் மூண்டபோது தம் பள்ளிப் பிள்ளைகளை ஷெபர்டு என்னும் ஆங்கிலச் சிற்றூருக்கு அழைத்துச் சென்று காத்தார். இன்று எருசலேமிலும் நியூயார்க்கிலும் வேறு பல நகரங்களிலும் அப்பெயரில் பள்ளிகள் உள்ளன. அவற்றின் இன்றைய போக்கைப் பற்றி யூத அறிஞரிடையே கருத்து வேறுபாடுண்டு. தொடக்ககாலத்தின் துணிவு பின்னாளில் ஒடுங்கி, கட்டுப்பாடே மேலோங்கிவிட்டதோ என்று கேட்போர் உளர். அது அவர்கள் தங்களுக்குள் நடத்தும் வழக்கு. மிஷன் பள்ளிகள் பலவற்றின் வரலாற்றை அறிந்த நமக்கு அந்தக் கேள்வி புதியதன்று.

சாராவை அடக்கம்பண்ணிய கல்லறைத் தோட்டத்தின்மேல் 1942-இல் ஜெர்மானியர் பிளாஷோவ் முகாமைக் கட்டத் தொடங்கினர். கல்லறைக் கற்கள் பெயர்க்கப்பட்டு முகாமின் பாதைகளுக்குப் பாவப்பட்டன. அவருடைய கல்லும் எஞ்சவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின், புல் மண்டிய அந்த மேட்டில் அவருடைய பெயர் பொறித்த புதியதொரு கல்லை நாட்டியிருக்கிறார்கள். ஸ்தனிஸ்லாவா தெருவின் கட்டடம் இன்றும் நிற்கிறது. பிற நாடுகளிலிருந்து மாணவியர் கூட்டமாக வந்து இரண்டையும் பார்த்துச் செல்கின்றனர். கல்லின் அருகே நின்று சங்கீதம் வாசிக்கின்றனர்.